செர்பைகோ

தோலில் ஊர்ந்து பரவும் நோய்களுக்கு இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் வழங்கிய பெயர். 'ஊர்தல்' எனப் பொருள்படும் 'செர்பெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. வடமொழிச் 'சர்ப்பம்' இதே வேரின் இன்னொரு கிளை. 'ஹெர்பிஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் இந்த உறவுதான்.

இது ஒற்றை நோயின் பெயரன்று. படர்தாமரை, அக்கி என விரிந்துகொண்டே போகும் பலவும் இதனுள் அடங்கின. காரணம் தெரியாத காலத்தில் நோயின் போக்கைப் பார்த்துப் பெயரிட்டார்கள். அந்தக் கூர்ந்த பார்வை மதிக்கத்தக்கது. படர்தாமரையில் பூஞ்சை விளிம்பை நோக்கி வளர, நடுப்பகுதி ஆறிவருவதால் வளையம் அகல்கிறது. தமிழ்ப் பெயரிலும் அந்தப் 'படர்தல்' இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் 'மெஷர் ஃபார் மெஷர்', 'ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா' நாடகங்களில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். 1840களில் டேவிட் க்ரூபி பாரிஸில் தலைத்தோல் படைநோய்களுக்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டினார். நோய்களைக் காரணத்தால் பிரித்தறியத் தொடங்கியபின் இந்தப் பொதுப்பெயர் வழக்கொழிந்தது.

'செர்பிஜினஸ்' என்ற அடைமொழி மட்டும் தோல் மருத்துவத்தில் நிலைத்திருக்கிறது. நாய், பூனைகளின் கொக்கிப்புழு இளம்புழுக்கள் மனிதத் தோலுக்குள் நெளிந்து போகும் தடத்தை இன்றும் அப்படியே குறிப்பிடுகிறார்கள்.