யாருடைய ஊரில் யாருடைய இறுதிப் போட்டி? ரஞ்சிக் கோப்பையின் காலி இருக்கைகள் குறித்து

2016 அக்டோபர் 13, வியாழக்கிழமை. மும்பை வான்கடே மைதானத்தில் மகாராஷ்டிர அணி தில்லி அணியை எதிர்த்து ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் களமிறங்கியது. 41 ரன்னுக்கு இரண்டு விக்கெட்டுகள் விழுந்தபின் இணைந்த சுவப்னில் குகளேயும் அங்கித் பாவ்னேயும், மறுநாள் அணி டிக்ளேர் செய்யும்வரை பிரியவே இல்லை. குகளே 351, பாவ்னே 258. இருவரும் சேர்ந்து எடுத்தவை 594 ரன்கள். முதல்தர கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் இதைவிடப் பெரிய கூட்டு ரன் குவிப்பு ஒன்றுதான் உண்டு: 2006இல் கொழும்பில் சங்கக்காராவும் ஜெயவர்தனேவும் எடுத்த 624.

புனேயை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில் பல ஆலைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு அன்று, வியாழன். ஆகவே அந்த வியாழக்கிழமை, கிரிக்கெட் பார்க்க விரும்பிய போசரித் தொழிலாளிக்கு நேரம் இருந்தது. ஆட்டந்தான் ஊரில் இல்லை. அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், மும்பை அணியும் ஆடாத ஒரு மும்பை மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் ரஞ்சிப் போட்டிகள் அனைத்தும், மோதும் இரு அணிகளில் எதற்கும் சொந்தமல்லாத பொதுவான மைதானங்களிலேயே நடத்தப்பட்டன.

ரஞ்சிக் கோப்பையின் காலி இருக்கைகளைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சுட்டப்படும் காரணங்கள் மூன்று: தொலைக்காட்சி, 2008இல் தொடங்கிய ஐ.பி.எல்., நாள்கணக்கில் நீளும் ஆட்டத்திற்கு மக்களிடம் பொறுமை குறைந்தமை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவை மூன்றும் மக்களின் இரசனையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. போட்டியை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்த நிர்வாக முடிவுகள் விசாரணைக்கு வருவதே இல்லை.

வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கலாம். ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸ் அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே நடந்து, ஒரே நாளில் முடிந்தது. அக்காலத்தில் இந்தியாவின் பெருங்கூட்டம் ரஞ்சிக்குரியதாக இருக்கவில்லை. அது பம்பாயில் சமயப் பிரிவின் அடிப்படையில் அணிகள் மோதிய நாற்கோணப் போட்டிக்கும், 1937 முதல் ஐங்கோணமாக விரிந்த அதன் வடிவத்திற்குமே உரியதாயிருந்தது. காந்தியடிகள் 1940இல் அப்போட்டியை வெளிப்படையாக எதிர்த்தார். 1945–46 பருவத்தோடு அது முடிவுக்கு வந்தது. கூட்டம் திரள்வது மட்டுமே ஒரு போட்டியின் தகுதிக்குச் சான்றாகாது என்பதற்கு அதுவே போதிய எடுத்துக்காட்டு. பிறப்பால் வந்த அடையாளத்தின் இடத்தில் வாழும் நிலப்பகுதியின் அடையாளத்தை வைத்ததே ரஞ்சியின் பெருமை. அந்த அடையாளம் உயிர்பெற, அணி தன் மண்ணில் ஆடியாக வேண்டும்.

புனே அதற்கு நல்ல சான்று. சமஸ்கிருதப் பேராசிரியரான டி. பி. தேவ்தர், ஐம்பதை நெருங்கிய வயதில் மகாராஷ்டிர அணிக்குத் தலைமையேற்று இரு முறை கோப்பையை வென்றார். 1939–40 இறுதிப் போட்டி புனேயிலேயே ஐக்கிய மாகாண அணிக்கு எதிராக நடந்தது. 1940–41இல் மகாராஷ்டிரம் சென்னைக்கே வந்து மதராஸ் அணியை வீழ்த்தியது. 1948 டிசம்பரில் புனேயில் பி. பி. நிம்பால்கர் 443 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். பிராட்மனின் 452ஐ எட்ட ஒன்பது ரன்களே தேவைப்பட்ட நிலையில் எதிரணியான கத்தியவார் ஆட்டத்தைத் தொடர மறுத்துக் கைவிட்டது. அதே பருவத்தின் அரையிறுதியில் பம்பாயும் மகாராஷ்டிரமும் புனேயில் சேர்ந்து குவித்தவை 2,376 ரன்கள்; முதல்தர ஆட்டம் ஒன்றில் எடுக்கப்பட்ட மிக அதிக ரன்கள் இன்றளவும் அவையே. இவை எல்லாம் நகரத்தின் நடுவே, மக்கள் போய்வரக்கூடிய தொலைவில் நிகழ்ந்தவை.

பின்னர் இரண்டு பெயர்ச்சிகள் நடந்தன. முதலாவது, மைதானமே நகரைவிட்டு வெளியேறியது. சுவார்கேட்டை ஒட்டிய நேரு மைதானத்தில்தான் 1996 உலகக் கோப்பையில் கென்யா மேற்கிந்தியத் தீவுகளை வென்றது. இன்று மகாராஷ்டிர கிரிக்கெட்டின் இல்லம் மும்பை–புனே விரைவுச்சாலையை ஒட்டிய கஹுஞ்சேயில் இருக்கிறது. போசரியிலிருந்து சாலைவழியே இருபது கிலோமீட்டருக்கு மேல். ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றின் மாலைக்கு அது பொருட்டல்ல. ஐந்து நாள் நாக்-அவுட் ஆட்டத்திற்கு நாள்தோறும் சென்றுவர அது பெருந்தடை.

இரண்டாவது பெயர்ச்சி இன்னும் ஆழமானது: இறுதிச் சுற்றுகளே மாநிலத்தைவிட்டு வெளியேறின. 1992–93இல் லூதியானாவில் பஞ்சாபிடம் தோற்றபின் மகாராஷ்டிரம் மீண்டும் இறுதிப் போட்டியை எட்டியது 2013–14 பருவத்தில். கேதார் ஜாதவ் அப்பருவத்தில் 1,223 ரன்கள் எடுத்தார். வங்காளத்துடனான அரையிறுதி இந்தூரில் நடந்தது. கர்நாடகத்துடனான இறுதி ஐதராபாதில் நடந்தது. இருபதாண்டுக்கு மேலாகக் காத்திருந்த ஒரு மாநிலத்தின் மக்கள், தம் அணியின் இரு பெரும் ஆட்டங்களையும் செய்தித்தாளிலும் திரையிலுமே கண்டனர்.

2016–17இல் குஜராத் தன் முதல் ரஞ்சிக் கோப்பையை வென்றது, இந்தூரில். அடுத்த பருவத்தில் விதர்பா தன் முதல் கோப்பையை வென்றது, அதுவும் இந்தூரில். அகமதாபாதும் நாக்பூரும் தம் வரலாற்றின் முதல் வெற்றியை மைதானத்தில் நின்று கொண்டாட இயலவில்லை.

பொதுவான மைதானம் என்னும் ஏற்பாட்டிற்கு நியாயமே இல்லை எனக் கூறிவிட முடியாது. சொந்த ஊர்ச் சங்கங்கள் தம் பந்துவீச்சாளர்களுக்கு ஏற்ப ஆடுகளத்தை வளைத்துக்கொண்டதும், இரண்டு மூன்று நாள்களில் ஆட்டங்கள் முடிந்ததும் மெய்யான சிக்கல்கள். ஆனால் அவற்றுக்கு உரிய மருந்து ஆடுகளத்தின் மீதான கண்காணிப்பே. மருந்தாகத் தரப்பட்டதோ பார்வையாளரை அகற்றுவதாக முடிந்தது. வாரியமும் இதை ஒருவாறு உணர்ந்தது: லீக் ஆட்டங்கள் 2017–18இலேயே சொந்த ஊர்களுக்குத் திரும்பின. 2018–19 இறுதி நாக்பூரிலும், 2019–20 இறுதி ராஜ்கோட்டிலும், 2024–25இல் கேரளம் முதன்முறையாக எட்டிய இறுதி மீண்டும் நாக்பூரிலும் நடந்தன.

பொதுவான இடத்திலும் கூட்டம் வரும் என்பதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அது நிகழ்ந்ததும் கஹுஞ்சேயில்தான். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சென்னை சூப்பர் கிங்ஸின் எஞ்சிய ஆறு உள்ளூர் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேக்கு மாற்றப்பட்டன. ஏப்ரல் 20 ஆட்டத்திற்காகச் சிறப்பு ரயிலில் சுமார் ஆயிரம் இரசிகர்கள் சென்னையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர். ஆனால் அந்தக் கூட்டம் தானாக உருவாகவில்லை. ரயில் வேண்டியிருந்தது, சீட்டு வேண்டியிருந்தது, செலவை ஏற்கும் நிர்வாகம் வேண்டியிருந்தது. ஒரு மாலையில் முடியும் ஆட்டம் என்பதால் அது இயன்றது. எந்த மாநிலச் சங்கமும் ஐந்து நாள் ஆட்டத்திற்கு ரயில் விடப்போவதில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து இதே முடிச்சில் சிக்கியிருக்கிறது. 1902இல் பாசடீனாவில் தொடங்கிய ரோஸ் பௌல் மரபைத் தொடர்ந்து, அங்குப் பருவம் முடிந்தபின் தொலைதூர நகரங்களில் ‘பௌல்’ ஆட்டங்கள் நடைபெறுகின்றன. விடுமுறைக் காலத்தில் இரசிகர்கள் அணியோடு பயணம் செய்வார்கள் என்பதே அவற்றின் பொருளாதார அடித்தளம். ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகியது. 2016 முதல் முன்னணி வீரர்கள் தொழில்முறை வாழ்க்கையைக் கருதி இவ்வாட்டங்களைத் தவிர்க்கலாயினர். பல அரங்குகளில் இருக்கைகள் காலியாயின. ஆனால் 2024இல் சாம்பியன் பட்டத்திற்கான சுற்று பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது, அதன் முதல் சுற்று கல்லூரிகளின் சொந்த மைதானங்களுக்கே வந்தது. டிசம்பர்க் குளிரிலும் அவை நிரம்பி வழிந்தன. அதே விளையாட்டு, அதே மக்கள். மாறியது இடம் மட்டுமே.

நட்சத்திரங்கள் வந்தால் ரஞ்சி பிழைத்துவிடும் என்பது மற்றொரு வாதம். 2025 சனவரி 30 அன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் ரஞ்சிக்குத் திரும்பிய விராட் கோலியைக் காணத் தில்லியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மறுநாள் அவர் 6 ரன்னில் ஆட்டமிழந்ததும் மாடங்கள் காலியாகத் தொடங்கின. ஒருவருக்காக வந்த கூட்டம் அவரோடு கலைந்தது. அணிக்காக வரும் கூட்டமே ஆட்டம் முடியும்வரை இருக்கும்.

இங்கே இலக்கணம் ஓர் ஒளி தருகிறது. கேட்பவரையும் உட்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தமிழில் உண்டு. இந்திய ஆரிய மொழிகளுள் மராத்தியும் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என அதைப் பேணுகிறது. 2018இல் புனேக்கு வந்த மஞ்சள் அணியைப் போசரித் தமிழர் தம் மராத்திய அண்டைவீட்டாரிடம் ‘எங்கள் அணி’ என்றுதான் சொல்லியிருக்க முடியும். ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் நிற்கும் இருவரும் சேர்ந்து ‘நம் அணி’ என்று சொல்லத்தக்கது மகாராஷ்டிர அணி ஒன்றே. புலம்பெயர்ந்தோர் நிறைந்த தொழில்நகரம் ஒன்றிற்கு அந்த ‘நாம்’ அற்பமானதன்று. அது பிறப்பைக் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்தால் போதும் என்கிறது. ஐங்கோணப் போட்டியின் கூட்டத்தால் தர இயலாததும் அதுவே.

ஆகவே ரஞ்சி இறுதிச் சுற்றுகளின் எதிர்காலம் குறித்த கேள்வி விளம்பரம் பற்றியதன்று. லீக் சுற்றில் மேலே நின்ற அணியின் ஊரிலேயே நாக்-அவுட் ஆட்டங்கள் நடக்கும் என்பதை மாறாத விதியாக்க வேண்டும். ஆடுகளத்தைத் தயாரிக்கும் பொறுப்பை உள்ளூர்ச் சங்கத்திடமிருந்து பிரித்து வாரியம் ஏற்க வேண்டும். ஆட்ட நாள்களை அந்தந்த ஊரின் விடுமுறையோடு பொருத்தி, நகரின் உள்ளே இருக்கும் சிறு மைதானங்களை மீண்டும் பயன்படுத்த வேண்டும். இவற்றைச் செய்த பின்னரும் இருக்கைகள் காலியாகக் கிடந்தால், அப்போது மக்களின் இரசனையைக் குறை கூறலாம்.