மின்தடையும் மின்திறனும் கணக்கிடுதல்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தமும் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்தால் போதும், அதன் மின்தடையையும் மின்திறனையும் காகிதத்திலேயே கண்டுவிடலாம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, அலகு ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், அலகு வாட்.

வாளித் தண்ணீரில் போடும் 1,000 வாட் ஹீட்டரை எடுத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டில் அது 4.35 ஆம்பியர் இழுக்கும். வகுத்தால் ஏறத்தாழ 53 ஓம். அதற்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறுவதில்லை. எனவே லோ வோல்டேஜ் நாளில் என்ன நடக்கும் என்பதையும் இதே எண்ணைக் கொண்டு சொல்லிவிடலாம். அழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் ஓட்டம் 3.6 ஆம்பியராகும்; திறனோ 680 வாட்டுக்குச் சரியும். அழுத்தத்தில் குறைந்தது 17 விழுக்காடுதான், சூட்டில் குறைந்தது 32 விழுக்காடு. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் கூடவே குறைவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 20 நிமிடத்தில் சூடாகும் தண்ணீருக்கு அன்றைக்கு அரை மணி நேரம் பிடிப்பது இதனால்தான்.

அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இந்த உறவை நிலைநாட்டியவர் ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789-இல் பிறந்த கியோர்க் சைமன் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவர் சோதனைகளைச் செய்தார். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. அதை நம்பி எதையும் அளக்க முடியவில்லை. பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் நிலையான அழுத்தம் கிடைக்கும் என்பதைப் பயன்படுத்திக்கொண்ட பிறகே அவருக்கு ஒழுங்கான எண்கள் கிடைத்தன. 1827-இல் அவருடைய நூல் வெளிவந்தது. சொந்த நாட்டில் வரவேற்பு மந்தம். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்தது. ஓமுக்கும் முன்பே இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இதே உறவைக் கண்டிருந்தார். ஓட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலம் அது. தன் உடம்பில் ஷாக் வாங்கி, அதன் கடுமையை ஒப்பிட்டுப் பார்த்தே அவர் கணித்தார்! கண்டதை வெளியிடாமலே விட்டுவிட்டார். 1879-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று 1841-இல் காட்டியவர் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். ஓட்டத்தை அதனாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால் திறன் வந்துவிடும். பிளக் உருகும் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. லூஸ் கனெக்‌ஷன் ஆகிப்போன சாக்கெட்டில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் உண்டாகும். பற்றவைப்புக் கோல் ஒன்று காய்வதற்கு அவ்வளவு போதும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்?

அளக்கும்போது அம்மீட்டரைத் தொடராகவும் வோல்ட் மீட்டரைப் பக்க இணைப்பாகவும் மாட்ட வேண்டும். அம்மீட்டரின் தடை மிகச் சிறியது. அதைத் தவறி லைனுக்குக் குறுக்கே வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான். எலெக்ட்ரீஷியன்கள் வயரை வெட்டாமலே டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டு ஆம்பியர் பார்ப்பார்கள். அதிலும் ஒற்றை வயரைத்தான் கவ்வ வேண்டும். போகும் வயரும் வரும் வயரும் சேர்ந்து உள்ளே இருந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை அழித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்.

மல்டி மீட்டரின் ஓம் அளவை மட்டும் நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்குக் குண்டு பல்பு ஒரு பாடம் நடத்தும். 60 வாட் பல்பு எரியும்போது 0.26 ஆம்பியர் எடுக்கிறது. கணக்குப்படி தடை 880 ஓம். அதே பல்பைக் கழற்றி, ஆறிய பிறகு மீட்டரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. மீட்டரும் சரி, கணக்கும் சரி. டங்ஸ்டன் இழையின் தடை சூடு ஏற ஏறக் கூடும். எரியும் இழையின் வெப்பநிலையோ 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஆறிய நிலையின் தடையை வைத்து வாட் கணக்கிட்டால் 60 வாட் பல்புக்கு 800, 900 என்று விடை வரும். சுவிட்சைப் போட்ட கணத்தில் அந்த வாட்டுக்கு ஈடான ஓட்டம் உண்மையிலேயே பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆவது இதனால்தான். ஓடும் நிலையின் தடை வேண்டுமானால் ஓடவிட்டு, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து வகுப்பதே வழி.

மோட்டார், சோக் போன்ற சுருள் உள்ள கருவிகளுக்கு மாறுதிசை மின்சாரத்தில் வெறும் பெருக்கல் போதாது. பழைய செம்புச் சோக் வைத்த 40 வாட் ட்யூப் லைட் 230 வோல்ட்டில் சுமார் 0.43 ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 99 வருகிறது. ஆனால் குழலும் சோக்கும் சேர்ந்து உண்மையில் செலவழிப்பது 50 வாட் அளவுதான். சுருளில் ஓட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதே வித்தியாசத்துக்குக் காரணம். பெருக்கிவந்த 99-ஐ வோல்ட்-ஆம்பியர் என்றும், அதில் எவ்வளவு பங்கு உண்மைத் திறன் என்பதைத் திறன் காரணி என்றும் சொல்வார்கள். இங்கே அது ஏறத்தாழ 0.5. வீட்டு மீட்டர் பொதுவாக உண்மைத் திறனையே யூனிட்டாகக் கணக்கிடுகிறது. ஆலைகளிலோ திறன் காரணி குறைந்தால் கட்டணம் ஏறும் என்பதால், கபாசிட்டர் வரிசைகளைப் பொருத்தி அதை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.