வாடகை வீடு தேடலில் சாதி விசாரணை: அறிய வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றபோது, அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டியது. நண்பர்கள் இருவரும் இடம் தரத் தயங்கினர். பூங்காவில் சில மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, அன்றிரவே பம்பாய்க்கு இரயிலேறினார். கிடைத்த வேலையை, கிடைக்காத வீடு பறித்தது.

முதல் தலைமுறைப் பட்டதாரியாக இன்று சென்னைக்கோ கோவைக்கோ பணிக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இதே சிக்கலை வேறு சொற்களில் சந்திக்கின்றனர். "சொந்த ஊர் எது?", "ஊருக்குள்ளேயா, காலனியா?", "குலதெய்வம் எது?", "சைவம்தானே?" என்று கேள்விகள் நீள்கின்றன. பின்னர், "உறவினர் வருகிறார்கள், வீடு இல்லை" என்ற பதில் வருகிறது. சாதியின் பெயர் எங்கும் உச்சரிக்கப்படுவதில்லை.

ஆய்வு காட்டும் உண்மை

சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 2012இல் ஆய்வொன்றை நடத்தி, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே வீட்டிற்கு உயர்சாதியினர், தலித்துகள், முஸ்லிம்கள் தனித்தனியே தொலைபேசியில் விண்ணப்பித்தனர். உயர்சாதியினர் எவரும் மறுக்கப்படவில்லை. தலித்துகளில் சுமார் 18 சதவீதத்தினருக்கும் முஸ்லிம்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கும் நேரடி மறுப்பே கிடைத்தது. வேறு பலருக்குக் கூடுதல் வாடகை போன்ற மாறுபட்ட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

'என் வீடு, என் விருப்பம்' என்ற வாதத்திற்குச் சட்டத்தில் எல்லை உண்டு. குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, பெறவோ, அதில் குடியிருக்கவோ ஒருவருக்குத் தடை ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. வாடகை மறுப்புக்கும் இப்பிரிவைத் துணைக்கொள்ளலாம் என்பதே நமது வாசிப்பு.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு நம்மில் பலர் அறியாதது. இச்சட்டப்படி குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியினர் மீது நிகழ்ந்தால், அது தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்ததென நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அவ்வாறில்லை என நிறுவும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது. அவர்கள் மனத்தைத் திறந்துகாட்டும் சுமை நம் தோளில் இல்லை. மறுப்பு நிகழ்ந்ததற்கான சான்றே நாம் திரட்ட வேண்டியது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியுள்ளது. சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாக, அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆகவே உடனிருந்தோர் யார் என்பதைக் குறித்துவைப்பது இன்றியமையாதது.

தேடுமுன்னும் தேடும்போதும்

முதல் மாதத்திற்குத் தற்காலிகத் தங்குமிடம் ஒன்றை உறுதிசெய்துகொள்வோம். பணிபுரியும் மகளிருக்குத் தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் உள்ளன. தலைக்குமேல் கூரை இருந்தால், அவமதிக்கும் நிபந்தனைக்கு அவசரத்தில் தலையசைக்க வேண்டியதில்லை.

வாடகையையும் தொலைவையும் மட்டும் பார்க்காமல், அப்பகுதியில் ஏற்கெனவே குடியிருக்கும் நம்மவரிடமும் அமைப்புத் தோழர்களிடமும் விசாரிப்போம். உரிமையாளர் கீழ்த்தளத்தில் வசிக்கும் வீட்டில் சமையலும் விருந்தினரும் கண்காணிக்கப்பட வாய்ப்பு மிகுதி. பல உரிமையாளர்கள் கொண்ட அடுக்ககத்தில் அது குறையலாம்.

தரகரிடமும் உரிமையாளரிடமும் இயன்றவரை எழுத்துவழிச் செய்தியாகவே பேசுவோம். மறுப்பு வந்தால் நாள், நேரம், சொன்ன காரணம் ஆகியவற்றை அன்றே எழுதிவைப்போம். வேறு சாதி நண்பர் ஒருவரை அதே வீட்டிற்கு விண்ணப்பிக்கச் செய்வோம். அவருக்கு வீடு உண்டென்றால், அது வலுவான சான்று. தோரட் குழுவினர் கையாண்ட முறையும் இதுவே.

வீடு கிடைத்தபின் எழுத்துவழி ஒப்பந்தம் கட்டாயம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டமும் அதையே வலியுறுத்துகிறது. வாய்மொழி ஏற்பாட்டில் குடியேறியவரை, சாதி தெரிந்ததும் வெளியேற்றுவது எளிது.

புகாரைக் காவல் நிலையத்திலும் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திலும் அளிக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவரும், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உடையவர்கள்.

பெயரையும் ஊரையும் மறைத்து வீடு பிடித்த தோழர்களை நாம் குறைகூறவில்லை. பரோடாவில் அம்பேத்கரும் அவ்வாறே தங்க நேர்ந்தது. ஆனால் மறைத்துக்கொண்டவரின் அனுபவமும் மறுக்கப்பட்டவரின் அனுபவமும் பதிவாக வேண்டும். கல்லூரி வாசகர் வட்டங்கள் தம் பழைய மாணவர்களிடமிருந்து அவற்றைத் திரட்டத் தொடங்கலாம். எத்தனை கதவுகள் மூடப்பட்டன என்ற கணக்கு நம் கையில் இருந்தால்தான், வாடகைச் சட்டத்திலேயே சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவைக் கோர முடியும்.