மகமையும் உயர்கல்வியும்

விருதுநகர் வட்டாரத்தில் கல்விக்குப் பொருள் திரண்ட வரலாற்றை ஆராய்வார்க்கு ‘மகமை’ என்னும் சொல்லே திறவுகோலாகும். வணிகர் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட சிறுபகுதி மகமை எனப்படும். 13ஆம் நூற்றாண்டுப் பிரான்மலைக் கல்வெட்டில் வணிகக் குழுவினர் சரக்குதோறும் கோயிலுக்குப் பகுதி வகுத்தமை காணலாம். அதனை ஒத்த வழக்கம் நாடார் உறவின்முறைகளில் கல்விக்கும் பயன்பட்டது. விருதுபட்டியில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு இல்லந்தோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் துணைநின்றது. 1910இல் எழுந்த நாடார் மகாசன சங்கம் உயர்கல்வி மாணவர்க்குக் கடனாகப் பொருளுதவிற்று. கற்றோர் திருப்பியளித்தது அடுத்து வருவோர்க்காயிற்று. 1947இல் அவ்வூர்ச் சமூகத்தார் செந்திக்குமார நாடார் கல்லூரியை நிறுவினர்.

ஈகை வேறு, மகமை வேறு. ஈகை கொடுப்போன் உள்ளத்தைப் பொறுத்தது. மகமை அனைவர்க்கும் கடன். ஆகலின் அதனைப் பெறுவோன் நாணவேண்டுவதில்லை. எனினும், குழுவின் நிதியைப் புறத்தார் உரிமையாகக் கேட்டல் இயலாது. இக்குறையை நிறைப்பது அரசின் வரியே. பிடியரிசிப் பள்ளியிற் பயின்று, இளமையிலேயே கல்வி இடைநின்ற காமராசர், முதலமைச்சராக இருந்த காலத்து (1954–1963) இலவசக் கல்வியை விரிவாக்கியமை ஈண்டு நினையத்தக்கது.

வரி நாட்டார் அனைவரின் மகமை. எனவே, கல்லூரிக் கட்டணத்திற்கு உதவி நாடும் மாணவன் இரப்பவன் அல்லன். தன் பங்கினைக் கேட்பவன் என்க.