கழிவுநீரில் விளையும் தீவனம்: வாதி மூசா பாலைவன மக்களின் அனுபவம்

உலகில் நீர்ப் பற்றாக்குறை மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் ஜோர்தானும் ஒன்று. ஓர் ஆண்டில் ஒருவருக்கு 500 கன மீட்டருக்கும் குறைவான நீர் இருந்தாலே அதைக் கடும் தட்டுப்பாடு என்பர். அங்கோ 100 கன மீட்டர்கூடக் கிடைப்பதில்லை. நாட்டின் தென்பகுதிப் பாலைவனத்தில் பழங்கால பெத்ரா நகரையொட்டி இருக்கும் ஊர்தான் வாதி மூசா. 'மூசாவின் பள்ளத்தாக்கு' என்பது அதன் பொருள். பெத்ராவின் குகைகளில் வசித்துவந்த புதூல் எனும் பதவீ அரபுக் குலத்தார் 1980-களில் அங்கிருந்து அருகிலுள்ள உம்மு ஸைஹூன் கிராமத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

சுற்றுலாவால் ஹோட்டல்கள் பெருகின, கழிவுநீரும் பெருகியது. வீட்டுக்கு வீடு இருந்த உறிஞ்சுகுழிகளிலிருந்து கசியும் நீர் நிலத்தடி நீரையும் பெத்ராவின் மணற்பாறைகளையும் கெடுத்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு உதவியுடன் 2000-களின் தொடக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. வாதி மூசாவுடன் சுற்றியுள்ள சிற்றூர்களின் கழிவுநீரும் அங்கே வந்து சேர்கிறது.

அதன் செயல்முறை எளிதானதுதான். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிரிகள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும். பிறகு நீர் தேங்கித் தெளிகிறது, குளங்களில் வெயில் படுகிறது, இறுதியில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அடியில் தங்கும் சகதியை உலர்த்தும் வேலையைப் பாலைவன வெயில் செலவில்லாமல் செய்து முடிக்கிறது. ஆனால் அதே வெயில் குளத்து நீரை ஆவியாக்கிவிடுவதால், எஞ்சும் நீரில் உப்பு கூடுகிறது. எனவே வறண்ட நாடுகளில் அகன்ற குளங்களை மட்டுமே நம்பியிருப்பது நல்லதல்ல.

சுத்திகரித்த நீர் அருகிலுள்ள வயல்களுக்குச் செல்கிறது. ஆடு, ஒட்டகம் மேய்த்துவந்த குடும்பங்கள் அங்கே குதிரைமசாலும் சோளமும் தீவனமாக விளைவிக்கின்றன. ஒலிவ மரங்களும் உண்டு. தீவனத்தை விலை கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாத மேய்ப்பருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழும். நஜீஸ் கலந்த நீர் மறுபடியும் தூய்மையாகுமா? சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978-இல் (ஹிஜ்ரி 1398) இதற்குத் தீர்ப்பளித்துள்ளது. நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் நஜீஸின் சுவடே இல்லாதபடி முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீர் தூய்மையானது, அதில் வுளூவும் செய்யலாம் என்பது அதன் சாரம். குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது என்றும் அச்சபை கூறியது. அசுத்தம் என்பதற்காக அல்ல, உடல்நலத்தைக் கருதியும் மனம் ஒப்பாததாலும்தான். வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர் பலர் சாலையோரப் புல்வெளிகளை இத்தகைய நீர் பசுமையாக வைத்திருப்பதைக் கண்டிருப்பார்கள்.

மார்க்க அனுமதி இருக்கிறது என்பதற்காகச் சுகாதார விதிகளைத் தளர்த்த முடியாது. பச்சையாக உண்ணும் பயிர்களுக்கும் பாய்ச்ச வேண்டுமானால் 100 மில்லி லிட்டர் நீரில் மலக் கிருமிகள் 1000-ஐத் தாண்டக்கூடாது, ஒரு லிட்டரில் குடற்புழு முட்டை ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1989-இல் வரையறுத்தது. ஜோர்தான் இன்னும் கண்டிப்பானது. பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு இந்நீரை அங்கு அறவே பாய்ச்சக்கூடாது. பழ மரங்களுக்குப் பாய்ச்சுவதை அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். தரையில் விழுந்த பழத்தைப் பொறுக்கவும் கூடாது.

எமது பார்வையில் இத்திட்டத்தின் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை. அங்கு கழிவுநீரின் ஒரு பகுதி ஹோட்டல்களிலிருந்து வருகிறது. போர், தொற்றுநோய் என ஏதோவொரு காரணத்தால் பயணிகள் வராமல் போனால், சுற்றுலாவை நம்பியிருக்கும் குடும்பத்தின் வருமானம் குறையும் அதே மாதத்தில் வயலுக்கு வரும் நீரும் குறையும். குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: பயிருக்குத் தேவை குறைவு, நீரோ வந்துகொண்டே இருக்கும். சேமிக்கத் தேக்கம் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். கட்டுவதற்கு வெளிநாட்டு நிதி ஒருமுறை கிடைத்தது. நடத்தும் செலவு மாதந்தோறும் வருகிறது.