கூரையில்லாப் பயனீட்டாளர்: பினாங்கில் மின்கட்டணச் சலுகையும் சூரியமின் விதிகளும்

மின்கட்டணம் குறித்துப் பினாங்குச் சட்டமன்றம் ஒரு வரிகூடச் சட்டமியற்ற முடியாது. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை மின்சாரத்தைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்துள்ளது. கட்டணம் 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்கீழ் முடிவாகிறது. சரவாக்கிற்குத் தனிச் சட்டம் உண்டு. சபா 2024 ஜனவரியில் ஒழுங்குமுறை அதிகாரத்தைக் கைக்கொண்டது. தீபகற்ப மாநிலங்களுக்கு அந்த வழியும் இல்லை. ஆனால் ஜார்ஜ்டவுனின் பழைய கதை வேறு. 1904 முதல் நகராட்சியே ஊருக்கு மின்சாரம் தந்தது. 1950களின் இறுதியில் மேயராக இருந்த டி.எஸ். இராமநாதனின் காலத்திலும் நகராண்மைக்குச் சொந்த மின் இலாகா இருந்தது. பில் அனுப்பிய அலுவலகம் சில காலமேனும் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது; 1976இல் மின் இலாகாவும் தேசிய மின்சார வாரியத்திடம் போய்ச் சேர்ந்தது.

இப்படிக் கூட்டரசு வகுக்கும் விதிகளில் ஏழைக்கான சலுகையும் சூரியமின் ஊக்கமும் தனித்தனியே நல்லவை, சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று முறிப்பவை என்பதே இக்கட்டுரையின் வாதம். 2014 முதல் 2025 ஜூன் வரை வீடுகளுக்கு முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், 900 யூனிட்டைத் தாண்டினால் 57.10 சென். 2019இல் நிகர அளவீட்டுத் திட்டம் கூரைச் சூரியமின்சாரத்தை யூனிட்டுக்கு யூனிட் ஈடு செய்யத் தொடங்கியது. பங்களாவாசியின் பில்லில் முதலில் குறைந்தது அந்த 57 சென் யூனிட்தான். சிறு வீட்டுக்காரருக்கு அதே வெயிலின் மதிப்பு 21.80 சென். ஒரே சூரியப் பலகை, இரண்டரை மடங்குக்கும் மேலான வேறுபாடு. மலிவு விலையே ஏழையைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தியது.

2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறியது. எரிசக்தி 27.03, திறன் 4.55, வலைப்பின்னல் 12.85 என மாதம் 1,500 யூனிட் வரை மொத்தம் 44.43 சென். 200 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு 25 சென் ஊக்கத்தொகை கழிந்து 19.43 சென். பெயர்கள் மாறின, முறிவு மாறவில்லை.

இச்சலுகைகள் பெரும்பாலும் வருமானத்தைப் பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்க்கின்றன. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காட்டுக் கூடுதல் கட்டணத்திலிருந்து 300 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு விலக்கு. மூன்று தலைமுறை ஒரே மீட்டரில் வாழும் அடுக்குமாடி வீடு அந்த எல்லையை எளிதில் தாண்டும். கர்னி டிரைவில் பூட்டிக் கிடக்கும் கொண்டோ தாண்டாது. இ-காசே வறுமைப் பதிவேட்டிலுள்ள பரம ஏழைகளுக்கான 40 ரிங்கிட் கழிவு மட்டுமே குடும்பத்தின் நிலையைக் கேட்கிறது. தமிழ்நாட்டின் 100 யூனிட் இலவசத்துக்கும் இதே பார்வைக் குறைவு உண்டு. எனினும் இந்திய மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மானியத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. அதனால் கணக்கு வரவுசெலவுத் திட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி கூரை. ரைபிள் ரேஞ்ச் போன்ற மாடிக் குடியிருப்புகளில் பலகை வைக்கத் தனிக்கூரை யாருக்கும் இல்லை. ஆனால் ஓரிடத்து உற்பத்தியை வேறிடத்து மீட்டரில் வரவு வைப்பது மலேசிய விதிகளுக்குப் புதிதுமல்ல: நிகர அளவீட்டின் நோவா திட்டம் ஒரே குழும நிறுவனங்களுக்கு அதை அனுமதித்தது. குழுமத்துக்குத் தந்ததை ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு மறுக்க வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை.

மின் விநியோக நிறுவனமான தெனாகாவின் கம்பிக்கு யார் பணம் தருவது என்ற ஆட்சேபம் நியாயமானது. பொதுக்கூரை உற்பத்தியில் மாடிவாசியின் பங்கை எரிசக்திக் கூறான 27.03 சென்னுக்கு மட்டும் வரவு வைத்தால் கம்பிக்கும் திறனுக்கும் உரிய தொகை தொடப்படாது. 19.43 சென் கட்டுபவருக்கு அவ்வரவு தன் கட்டணத்தைவிட 7.60 சென் அதிகம். பலகையின் கணக்கு அவர் பக்கம் சாய்வது அப்போதுதான். இதற்கு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றத் தேவையில்லை. நோவா விதிகளைப் போலவே எரிசக்தி ஆணையத்தின் வழிகாட்டி ஆவணம் ஒன்று போதும். மாநிலத்தின் பங்கு நிலமும் உள்ளாட்சியும்: தன் வாடகைக் குடியிருப்புகளின் கூரைகளைப் பினாங்கு அரசு நாளையே பட்டியலிட்டு ஆணையத்தின் முன் வைக்கலாம்.