யப்பானியப் பள்ளிச் சிறுவரின் கவிதைகள்

கவிதை கற்று வல்ல புலவர்க்கே உரியது. சிறுவர் அதனை மனனஞ் செய்து ஒப்புவித்தல் அமையும் என்பது கீழைத்தேயக் கல்வி மரபிற் பல காலமாக நிலவிய கருத்தாகும். யப்பானும் இதற்கு விலக்கன்று. மெய்சி காலப் (1868–1912) பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி என்பது பெரும்பாலும் முன்னோர் வகுத்த மாதிரிகளைப் பின்பற்றி எழுதுதலாகவே இருந்தது. அம்மரபு தளர்ந்து, சிறுவர் தம் வாழ்வைத் தாமே பாடத் தொடங்கிய வரலாறு ஆசிரியர் யாவரும் அறியத் தக்கது.

1918ஆம் ஆண்டிற் சுசுக்கி மியெகிச்சி என்னும் எழுத்தாளர் ‘சிவப்புப் பறவை’ எனப் பொருள்படும் ‘அக்காய் தொரி’ என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். சிறுவர் அனுப்பிய பாக்களைத் தெரிந்தெடுக்கும் பணியைக் கவிஞர் கித்தகாரா ஹக்குசு ஏற்றார். முதியோர் இயற்றிய பாட்டுக்களைப் போலச் செய்தலை விடுத்து, கண்டதையும் உணர்ந்ததையும் தம் சொற்களிலேயே கூறுமாறு அவர் சிறுவரை ஊக்கினார். ‘சிறுவர் கட்டிலாக் கவிதை’ என்னும் வகை இவ்வாறு வளர்ந்தது. எனினும், அச்சஞ்சிகை போற்றியது மாசற்ற குழந்தையுள்ளத்தையே. வறியோர் இல்லங்களின் துயரம் அதில் மிகுதியாக இடம்பெறவில்லை.

அக்குறையை நீக்க முற்பட்டோர் வடகிழக்கு யப்பானின் கிராமத்து ஆசிரியர்களாவர். அவர்க்கு வாய்ப்பளித்த காரணம் ஒன்றுண்டு. தொடக்கப் பள்ளியின் முதன்மைப் பாடங்களுக்கு அரசே நூல்களை வெளியிட்டது; எழுத்துப் பயிற்சிக்கு மட்டும் அத்தகைய நூல் இருக்கவில்லை. ஆகவே, ஆசிரியர் தம் கருத்துப்படி கற்பித்தற்கு அப்பாடவேளையே இடந்தந்தது. 1929இல் அக்கித்தா மாகாணத்தில் வடபுலக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. ‘வாழ்க்கை எழுத்து’ என வழங்கிய இயக்கம் அக்காலத்திலேயே வலுப்பெற்றது.

உலகப் பொருளாதார மந்தத்தால் பட்டின் விலை வீழ்ந்திருந்தது. 1934இற் குளிரினால் நெல் விளைவு பொய்த்தது. பெண்மக்களை விலைக்கு விடும் அளவிற்குக் குடும்பங்கள் நலிந்தன. வயல் வேலை, தம்பி தங்கையரைச் சுமத்தல், கூலி தேடி வெளியூர் சென்ற தந்தை ஆகியனவே இச்சிறுவரின் வாழ்வு. அவற்றையே எழுதுமாறு ஆசிரியர் பணித்தனர். எழுதியவை வகுப்பில் வாசிக்கப்பட்டன. ஏனைய மாணாக்கர் அவற்றை ஆராய்ந்து பேசினர். பின்னர் ஆசிரியர் மெழுகுத்தாளில் இரும்பெழுத்தாணியாற் கீறிப் படியெடுத்துச் சிறு தொகுதிகளாக்கினர். அத்தொகுதிகள் வேற்றூர்ப் பள்ளிகளுடனும் பரிமாறப்பட்டன. தன் வீட்டு இடர் தனக்கே உரிய இழிவன்று, பலர்க்கும் பொதுவானது என்பதைச் சிறுவன் இங்ஙனம் அறிந்தான்.

இவ்வறிவே அரசிற்கு ஐயத்தை விளைவித்தது. 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யமகத்தாவில் முரயாமா தொசித்தாரோ என்னும் ஆசிரியர் கைதானார். கைதுகள் ஒக்கைடோ முதலாய பகுதிகளுக்கும் பரவின; 1941இற் கொக்குபுன் இச்சித்தாரோவும் பிடிபட்டார். வறுமையை எழுதச் செய்தல் வகுப்புணர்ச்சியை ஊட்டுதலாகும் என்பதே குற்றச்சாட்டின் சாரம். 1925ஆம் ஆண்டின் அமைதி பேணற் சட்டம் இதற்குக் கருவியாயிற்று. குழந்தைகளின் பாக்களே அவர்தம் ஆசிரியர்க்கு எதிரான சான்றுகளாகக் கொள்ளப்பட்டமை இவ்வரலாற்றின் கொடிய பகுதியாகும்.

போர் முடிந்தபின், 1945 ஒற்றோபரில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1948இல் ஒசாக்காவிற் கவிஞர் தக்கெனக்கா இக்கு, எழுத்தாளர் இனொவே யசுசி ஆகியோரின் முயற்சியாற் ‘கிரின்’ என்னும் சிறுவர் கவிதைச் சஞ்சிகை தோன்றியது. யமகத்தாவின் மலைக் கிராமமொன்றில் இளம் ஆசிரியர் முச்சக்கு செய்க்கியோ தம் இடைநிலைப் பள்ளி மாணாக்கரின் எழுத்துக்களை முன்போலவே கையாற் படியெடுத்தார். அவை 1951இல் ‘யமபிக்கோ கக்கோ’, அதாவது ‘எதிரொலிப் பள்ளி’, என்ற நூலாகி நாடெங்கும் வாசிக்கப்பட்டன; மறு ஆண்டிலே திரைப்படமுமாயின.

இச்சிறுவருட் பெரும்பாலோர் புலவராகவில்லை. அவரைப் புலவராக்குதல் அவ்வாசிரியரின் நோக்கமுமன்று. கண்டதை ஒளியாது எழுதவும், பிறன் எழுதியதைச் செவிகொடுத்துக் கேட்கவும் பழக்குதலே அவர் கருதியது. அதற்காகச் சிலர் சிறையும் புகுந்தனர். எழுத்துப் பயிற்சியைத் தேர்வுக்குரிய ஒரு பாடமாக மட்டும் கருதுவோர்க்கு, அப்பாடவேளையின் உண்மைப் பெறுமதியை இவ்வரலாறு உணர்த்துகின்றது.